அடுத்துப் போகும் பாட்டு

கோயில் மண்டபத்தின் வாசலில் எங்கள் எஸ்டேட் கிராணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. உள்ளே கல்யாண வரவேற்பு. மேடையில் நான், வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவான ஒரு காதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பாடுகிறவளைப் பார்க்காமல் இசைக்குழுவின் தலைவரே வாசலில் போய் நிற்கிறாரே என்று அழுகையே வந்துவிட்டது. பாட்டு முடிந்து இறங்கிய பிறகுதான் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஜனங்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "உன் பாட்டுல குறை ஒண்ணும் இல்லம்மா," என்றார். "ஆனா பாதிப் பாட்டுல எட்டு பேர் வந்து செருப்பைத் தேடினாங்க. போன வருஷம் இதே மாதிரி பாட்டுக்கு ஒருத்தர்கூட எழுந்திருக்கல. இந்த மாதிரி பாட்டெல்லாம் இன்னும் ரெண்டு வருஷம்தான் லா." சொல்லிவிட்டு, மழை வருமா என்று பார்ப்பவர்போல மலையைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது, கொழுந்து நிறுப்பதை மேற்பார்வை பார்ப்பது, துரைக்குக் கடிதம் எழுதுவது, இதெல்லாம் வார நாட்களில். சனி ஞாயிறுகளில் அவர் ஒரு இசைக்குழுவின் தலைவர். கீபோர்ட் வாசிப்பார். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் மலைமேல் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றிலும் எங்கள் குழுதான். சில சமயம் மலையடிவாரத்தில் இருக்கிற தாப்பாவுக்கும் இறங்குவோம். நான் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பிரிவில் வேலை பார்த்தேன். வாரம் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரலுக்கு ஒரு உரப்பு வந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர் என்னைப் பாடக் கூப்பிட்டார். அப்பா சம்மதிக்கவில்லை. கிராணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து, வாசலில் நின்றபடி, "பொண்ணைப் பத்திரமா கொண்டுவந்து விடறது என் பொறுப்பு," என்று சொன்ன பிறகுதான் அப்பா தலையாட்டினார். அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் மீறியதில்லை. இதையும் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்பு அவருக்குச் செய்கிற அநியாயமாகிவிடும்.

எந்த வகைப் பாட்டு அடுத்து ஏறும், எது இறங்கும் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அதில் மாயம் எதுவும் இல்லை. ரேடியோவையோ பத்திரிகையையோ அவர் நம்பமாட்டார். இறங்கப்போவதை அறிய வாசலில் நின்று செருப்பைப் பார்ப்பார். ஏறப்போவதை அறிய இரண்டு இடங்களுக்குப் போவார். ஒன்று ரிங்லெட்டில் காய்கறி லோரிகள் நிற்கிற இடம். கீழேயிருந்து காலியாக ஏறிவரும் லோரியில் என்ன பாட்டு ஓடுகிறதோ, அது சில மாதத்தில் கல்யாண மேடைக்கு வந்துவிடும் என்பார். இன்னொன்று கல்யாண வீட்டுச் சமையல்கட்டு. வெங்காயம் உரிக்கிற பெண்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேட்கிற சாக்கில் போய் நிற்பார். "காதால கேக்கற பாட்டு வேற, வேலை செய்யும்போது வாய்ல தானா வர்ற பாட்டு வேற. தானா வர்றதுதான் நிக்கும்."

அவர் சொன்ன இரண்டு வருடம் முடிவதற்குள்ளேயே மெதுவான பாட்டுகளைக் கேட்பது நின்றுபோனது. கல்யாண வீட்டுக்காரர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, "ஆடற பாட்டா போடுங்க," என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டுகளோடு எங்கள் தபேலாக்கார அண்ணனும் போனார். அவர் கவாத்து வெட்டுகிற ஆள். வாரம் முழுக்கத் தேயிலைச் செடியின் தலையை வெட்டிய கை, சனிக்கிழமை தபேலாவின் மேல் பூ விழுகிற மாதிரி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து, எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கிராணி தன் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த வாரத்திலேருந்து ரிதம் பேடு வருது. தபேலா வேணாம்." அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்கய்யா," என்றார். இரண்டு தபேலாவையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கிப் போனார். கொஞ்ச நாளில் ஈப்போவில் காவலாளி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். மலை ஏறி அவர் திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து குழுவில் எல்லாருக்கும் கிராணியின் காதைக் கண்டால் ஒரு பயம் வந்துவிட்டது. அவர் ஒருவரின் வாசிப்பில் குறை சொல்லித் திட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த ஆளுக்கு ஆபத்தில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேட்க ஆரம்பித்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் ட்ரம்பெட் போனது, வயலின் போனது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதுதான் நடந்தது. அவர் பேச்சைக் கேட்காத மற்றக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எங்கள் குழு பிழைத்தது. குழுவில் இருந்த நாங்கள்தான் குறைந்துகொண்டே போனோம். எட்டுப் பேர் ஆறு பேராகி, நாலு பேராகி, கடைசியில் அவரும் நானும், பெட்டி பெட்டியாக மிஷின்களும் என்று ஆனது. ரிங்லெட்டில் கேசட் கடை வைத்திருந்தவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் பலகார டின்னோடு அவரைத் தேடி வருவார். எதை வாங்கி அடுக்குவது, எதை விடுவது என்று கேட்பார். ஒரு வருடம் கிராணி அந்த டின்னைத் திறக்காமலே, "ராப் ஏறும். ஆனா உங்க கடை இருக்காது. பாட்டு இனிமே கடைக்கு வராது," என்றார். கடைக்காரர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் அந்த இடத்தில் ஹேண்ட்போன் கடை வந்தது.

மழை இரவில் அணையைத் திறந்துவிட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போன வருடத்தை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த முதல் கல்யாணத்தில் நான் ஒரு பழைய தாலாட்டுச் சாயல் பாட்டைப் பாடினேன். பெண்வீட்டார் ஆசையாகக் கேட்டது அது. பாட்டின் நடுவே எங்கும் ஒரு நிசப்தம். வெளியே மழை கூரைமேல் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வேனில் திரும்பும்போது கிராணி சொன்னார்: "இனிமே இந்த ஜனங்க அமைதியான பாட்டு கேக்க மாட்டாங்கம்மா. அமைதியா இருந்தா மழை கேக்குது. மழையை மறைக்கிற பாட்டுதான் வேணும் இவங்களுக்கு." உறுமி மேளம்தான் அடுத்தது என்றார். அது வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்கிற மாதிரி வந்தது. கோயில் கமிட்டி கூட்டத்தில் அவர் எழுந்து, "இதைத் தடுக்க முடியாது. ஆனா ஏறின வேகத்துல போலீஸையும் கூட்டிட்டு வரும்," என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். கீழே ஒரு ஊர்த் திருவிழாவில் இரண்டு உறுமிக் குழுக்களுக்குள் அடிதடி நடந்து, ஒரு பையன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தி வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி, நேரக் கட்டுப்பாடு என்று எல்லாம் வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். சொன்னது பலித்துவிட்டதே என்ற திருப்தி அதில் துளிகூட இல்லை. காய்ச்சல்காரர் முகம் மாதிரி இருந்தது.

ஒருநாள் கம்போங் ராஜாவிலிருந்து பனிமூட்டத்தில் வேன் ஊர்ந்து வந்துகொண்டிருந்தபோது துணிந்து கேட்டேன். "ஐயா, வாத்தியம் எல்லாம் போயிடுச்சு. பாடறவங்க?" அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. "அதை நான் இன்னும் பாக்கல," என்றார். தபேலா அண்ணனிடம் பேசியபோது கோப்பையைப் பார்த்த அதே பார்வை. அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் என்னைத் திட்டிப் பல மாதம் ஆகியிருந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தன் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னார். அவர் மனைவி கிராணியம்மா வெந்தயக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்ட ஒரு அறையில் உட்காரவைத்து, மைக்கை வைத்தார். "புது செட் வாங்கியிருக்கேன். உன் குரலுக்கு ஏத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணணும்," என்றார். பாட்டு ஒன்றும் பாடச் சொல்லவில்லை. ஆ, ஈ, ஊ என்று இழுக்கச் சொன்னார். பேப்பரை வாசிக்கச் சொன்னார். சந்தோஷமாக ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, அழுகிற மாதிரி ஒரு தடவை. அழுகிற மாதிரி வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிப்பையும் இருக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே எதையோ அழுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே. முடிந்து கிளம்பும்போது வழக்கமில்லாத வழக்கமாக, "தொண்டையைப் பாத்துக்கம்மா," என்றார்.

அதற்குப் பிறகு நிகழ்ச்சிக்குக் கூப்பிடவில்லை. மழைக்காலம், மலைரோட்டில் மண்சரிவு, கல்யாணங்கள் கீழே மாறியிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நாலைந்து மாதம் கழித்து, என் கணவர் வழிச் சொந்தத்தில் கம்போங் ராஜாவில் ஒரு பகல் வரவேற்பு. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் மகள் எனக்கு முன்னால். ஸ்பீக்கரில் ஒரு வேகமான பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் நான் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். அது என் குரல். நான் கேட்டே இராத ஒரு பாட்டை, நான் ஒருநாளும் பாடத் துணியாத ஒரு குதியாட்டத்தில், மூச்சே வாங்காமல் நான் பாடிக்கொண்டிருந்தேன். மகள் திரும்பி, "அம்மா, எப்பமா பாடின? சொல்லவே இல்ல?" என்றாள். பின்னால் நின்ற ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, "வயசே தெரியல அக்கா. நல்லா பாடியிருக்கீங்க," என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது, "தேங்க்ஸ்மா."

மேடைக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்புக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து மண்டபத்தின் பக்கவாட்டுக்கு வந்தார். எங்களுக்குக் கீழே காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக வெயிலில் மின்னின.

"யாருங்கய்யா பாடினது?"

"நீதான்."

"நான் பாடல."

"அன்னிக்கு எடுத்த உன் குரலை மிஷினுக்குப் பழக்கிட்டேன். சொல்லியிருக்கணும்மா. சொன்னா நீ மாட்டேன்னு சொல்லுவ."

"ஆமா. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவர் கீழே மின்னுகிற கூரைகளைப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, கணிப்பு சொல்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தார். "இனிமே இந்தப் பாட்டு ஏறும், அது இறங்கும்னு சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. கேக்கறவன் போன்ல கேப்பான். அவனுக்கு மட்டும் ஒரு பாட்டு அப்பவே வந்துடும். உறுமி, ராப், மெலடி எதுக்கும் பேர்கூட இருக்காது. அதுல குரல் யாரோடதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரையும் நான்தான் ஒவ்வொருத்தரா வெட்டினேன். உன்னையும் வெட்டணும்னு எனக்கு மூணு வருஷமா தெரியும். மனசு வரல. உன் குரலாவது நிக்கட்டும்னு நினைச்சேன்."

"அழிச்சிடுங்கய்யா."

"என்கிட்ட இருக்கறதை அழிச்சிடலாம். தாப்பாவுல ரெண்டு பேருக்கும் ஈப்போவுல ஒருத்தருக்கும் குடுத்திருக்கேன். அவங்க யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

நான் அவரோடு அதன்பிறகு பேசவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் என்னைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்ட மனிதர். அந்த எண்ணம்தான் கோபத்தை இன்னும் மோசமாக்கியது. அவர் எனக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தபேலா அண்ணனுக்கும் அவர் கெடுதல் நினைத்ததில்லை. வரப்போவது அவருக்கு முதலில் தெரிந்தது. தெரிந்ததும் அவர் அதன் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றோம். அப்படி ஒருவர் முன்னால் போய் வழிவிடாமல் இருந்திருந்தால் அது கொஞ்சம் தாமதமாகவாவது வந்திருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

என் குரல் அதற்குப் பிறகு ஊர் சுற்ற ஆரம்பித்தது. நான் அப்போது சுற்றுலாக்காரர்கள் வருகிற டீக்கடையில் வேலைக்கு மாறியிருந்தேன். பார்க்கிங்கில் நின்ற காரிலிருந்து என் குரல் வரும். காய்கறி லோரியிலிருந்து வரும். மகள் கோலாலம்பூரிலிருந்து முதலில் வேடிக்கையாக ஒவ்வொன்றையும் போனில் அனுப்பினாள், பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் ஓட்டுக் கேட்கிற வேன் ஒன்று ரிங்லெட் கடைத்தெருவில் போனது. நான் பெயரே கேட்டிராத ஒருவரைப் புகழ்ந்து, அவருக்கு ஓட்டுப் போடச் சொல்லி, நான் பாடிக்கொண்டு போனேன். கையில் கீரைக்கட்டோடு நின்று என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது களைக்காது. அதற்குச் சளி பிடிக்காது. எனக்கு இறங்கிக்கொண்டிருந்த குரல் அதற்கு இறங்கவே இல்லை. குளிக்கும்போதுகூடப் பாடுவதை விட்டுவிட்டேன். பாடினால், அதைப்போல இல்லையே என்று எனக்கே தோன்றியது.

கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ரிங்லெட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு தடவை ஆள் விட்டுச் சொன்னார், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியனுப்பினேன். எனக்கு லீவு இருந்தது. போன வருடம் மழை ஆரம்பிக்கிற சமயத்தில் அவருடைய மகள் போன் செய்து, "அப்பா காலையில தவறிட்டாரு ஆண்ட்டி," என்றாள்.

காரில் ரிங்லெட்டுக்கு இறங்கும்போது அந்த வளைவுகள் முழுக்க ஒரே யோசனை. போய் என்ன சொல்வது. எஸ்டேட்டில் ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் இப்போது இல்லை. நான் பாடலாம் என்று தோன்றியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன். குரல் கரகரத்தது, இருந்தாலும் வந்தது. அவரை மன்னிக்கிறேனா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு வாயில் வருவதைப் பாடுவோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலை எட்டுவதற்குள்ளேயே கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். அவருடைய தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர். என் குரல் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது, விம்மி, மூச்சுத் தடுக்கி, எழுந்து, மறுபடி உடைந்து. "அண்ணே" என்று கூப்பிட்டது. நான் அவரை ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அப்பாவிடம் பேசி என்னைப் பாடக் கூட்டிப்போனதைச் சொன்னது. பனியில் வேன் ஓட்டியதைச் சொன்னது. பிறகு, "உங்கமேல எனக்குக் கோவம் இல்ல அண்ணே, கோவம் எப்பவும் இருந்ததில்ல," என்று பாடியது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த வரிக்கு இன்னும் அதிகமாக அழுதார்கள்.

அவருடைய மகள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பாவே ரெடி பண்ணி வெச்சுட்டுப் போயிருக்காரு ஆண்ட்டி. நீங்க பாடிக் குடுத்தீங்கன்னு சொன்னாரு. நீங்க கோவிச்சுக்கிட்டீங்களோன்னு அவருக்கு அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டினேன். காரில் வாய்க்குள் வைத்திருந்த வரி போய்விட்டது. உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்த விஷயம் இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எல்லார் முன்னிலையிலும் அதை நான் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

மத்தியானம் ஆண்கள் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். ஸ்பீக்கரை யாரும் அணைக்கவில்லை. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து அண்ணே என்று ஆரம்பித்தது. கிராணியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இப்போது சரியாகத் தெரியாது அவருக்கு. என் கையைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை வெந்நீரை ஊற்றச் சொல்லி, தானே என் கையில் கொடுத்தார்.

"குடிம்மா," என்றார். "காலையிலேருந்து பாடற. தொண்டை காஞ்சிருக்கும்."

வாங்கிக் குடித்தேன்.